வரி கட்டத் தகுதியில்லாத பங்காளி

வருமான வரி என்ற ஒன்று இலங்கைக்குப் புதிதாக வந்திருந்த காலத்தில், அரசாங்க அலுவலகமான மன்னார்க் கச்சேரியின் மதிலோரம் கதிரை போட்டு உட்கார்ந்து, சனங்களுக்கு மனு, பெத்திசம் எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வரி கட்டுகிறவன் என்றால் ஊரில் தனி மரியாதை. அதற்கு ஆசைப்பட்டு உப்புக்குளத்து நானாவிடம் ஒரு பொய் சொல்லிவைத்தேன்:

"என்ர உழைப்பில கவர்மென்டுக்கும் பங்கு போகுது, நானா."

நானாவுக்குக் காகிதக் கடை. என் வாயை நம்பி, இருவரும் சேர்ந்து ஓர் அறை எடுத்து எழுத்துக் கந்தோர் திறப்போம் என்றார். டைப்ரைட்டர் அவருடையது, என் பெத்திசக் காசு முழுவதும் பொதுப் பெட்டிக்கு, லாபம் பாதி பாதி. எனக்குத் தலைக்கு மேல் ஒரு கூரை கிடைக்கப்போகிறது என்ற சந்தோஷம். உடன்படிக்கை எழுத இருந்த நேரத்தில்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது.

"தம்பி, நீர் தனியா உழைச்ச காசுக்குப் பழைய வரி கட்டாமல் கிடந்தால், நாளைக்கு என்ர டைப்ரைட்டரையல்லோ தூக்கிக்கொண்டு போவாங்கள்? போன வருஷக் கணக்கை எழுதிக் கச்சேரியில குடும். முதல்ல நான் பார்க்கவேணும்."

கச்சேரியில் வாங்கிய வரிப் பத்திரத்தை இரண்டு நாள் சுற்றிச் சுற்றி வந்தேன். சொன்ன பொய்யையே எழுதினால் வரி வரும். உண்மையை எழுதினால் நானா விலகிவிடுவார், கந்தோரும் போய்விடும். பொய்க்கு வரி கட்ட என்னிடம் வசதியில்லை. ஆகவே உண்மையை எழுதினேன்: வருஷத்துக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு ரூபா. வங்காலை மீனவர்கள் காசுக்குப் பதிலாகக் கொண்டுவந்த கருவாட்டை எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

நானா பத்திரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதென்ன கள்ளக் கணக்கு?"

"சத்தியமா உண்மை, நானா."

"அப்ப முந்திச் சொன்னது?"

"அது பொய்."

"அண்டைக்குப் பொய் சொன்ன ஆள், இண்டைக்கு மட்டும் உண்மை சொல்லுவீரோ?"

சைக்கிளில் வங்காலைக்கே போய் விசாரித்தார். எழுத்துக்கூலியாகக் கருவாடு கொடுத்தோம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? "பத்து ரூபா எண்ணிக் குடுத்தனான்" என்றாராம் ஒருவர். பக்கத்து வீட்டுக்காரர் விடுவாரா, பதினைந்து என்றாராம்.

நானா திரும்பிவந்து, குடையும் கையுமாக என் கதிரைக்குப் பக்கத்தில் மூன்று நாள் குந்தியிருந்தார். முதல் நாள் ஒரு கட்டுக் கருவாடு வந்தது. இரண்டாம் நாள் கொண்டச்சியிலிருந்து வந்தவர், "அல்லாஹ் உங்களுக்குப் பரக்கத் செய்வான்" என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். மூன்றாம் நாள் ஒரு குருவியும் வரவில்லை.

"நான் இருக்கிறன் எண்டு எல்லாருக்கும் சொல்லி வச்சிட்டீர்" என்றார்.

கடைசியில் பத்திரத்தைக் கச்சேரியில் கொடுத்தோம். கிளார்க் வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "இவருக்கோ வரி? ஒரு சதமும் வேண்டாம், கொண்டுபோங்கோ!"

வெளியே வந்ததும் நானா என் காதுக்குள் கேட்டார்:

"கிளார்க்குக்கு எவ்வளவு குடுத்தனீர்?"

மறுமொழிக்கு நிற்காமல் தானே முடிவுகட்டினார்:

"சரி. டைப்ரைட்டருக்குப் பயமில்லை. இவ்வளவு கெட்டித்தனமா ஒளிக்கிற ஆளை வெளியில விடப்படாது. பங்கு வைப்பம். ஆனால் காசு வாங்குறது நான், பெட்டியைப் பூட்டுற திறப்பும் என்னட்டத்தான்."

உடனே ஓம் என்றேன். உடன்படிக்கையில் நான் கையெழுத்துப் போடும்போதும் நானா என் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு ஓட்டை இருந்தது. அதையும் நான் வேண்டுமென்றே போட்டுக்கொண்டு வந்ததாகத்தான் நினைத்திருப்பார்.