ஒரு மணி நேரம் மட்டும் காய்ந்த நெல்

போன வருஷம் மாசி மாதம் நடந்தது. உத்திரமேரூர் பக்கத்தில், மெயின் ரோட்டை ஒட்டி இருக்கும் ஒரு சின்னப் பள்ளியில் என் மகள் ஒன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். மானாம்பதியிலிருந்து தினமும் நான்தான் ஸ்கூட்டியில் கொண்டுபோய் விடுவேன். கேட் வாசலிலேயே நிறுத்தி, இன்ஜினைக்கூட அணைக்காமல் அவளை இறக்கிவிட்டு, அப்படியே திருப்பிக்கொண்டு பறந்தால்தான் என் ஜெராக்ஸ் கடையை நேரத்துக்குத் திறக்க முடியும். பின்னால் வருபவர்கள் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

ஒரு நாள் காலையில் கேட் வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை. பள்ளிக்கூடத்துப் பக்கம் பாதி ரோட்டை மறைத்து நீளமாக நெல் காயப்போட்டிருந்தது. சுற்றிலும் சுண்ணாம்பு அடித்த கல் வரிசை. பக்கத்தில் ஒரு பழைய மொபெட்டும், கையில் துடைப்பத்தோடு ஒரு ஆளும். அவருடைய பெண்ணும் அதே பள்ளியில்தான் இரண்டாவது படிக்கிறாள். அறுவடைக் காலத்தில் எங்கள் பக்கம் ரோட்டில் நெல் காய்வது புதிதல்ல. ஆனால் பள்ளிக்கூட வாசலில், பிள்ளைகள் வரும் நேரத்தில், அதுவும் பிள்ளையைப் பெற்ற ஒருவரே இப்படிச் செய்வாரா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்றிலிருந்து அவரைக் கண்காணிப்பதே என் வேலையாகிவிட்டது. கவனிக்கக் கவனிக்கச் சந்தேகம் கூடிக்கொண்டே போனது. எட்டு மணிக்கு விரிப்பார், ஒன்பதுக்குள் கூட்டி மூட்டை கட்டிவிடுவார். சாயங்காலம் பள்ளி விடும் நேரத்துக்குத் திரும்பவும் அதே கதை. எந்த ஊரில் நெல் ஒரு மணி நேரத்தில் காய்கிறது? ஒரு நாள் பாட்டில் தண்ணீரை அதன்மேல் தெளித்துக்கொண்டிருந்தார். காயப்போட்ட நெல்லில் யாராவது தண்ணீர் தெளிப்பார்களா? இன்னொரு நாள், எதிர்வீட்டுக் கோழிகள் கல் வரிசை வரை வந்துவிட்டு, ஒன்றுகூடக் கொத்தாமல் திரும்பிப் போனதைப் பார்த்தேன். ஏதோ மருந்து கலந்திருக்கிறார், பிள்ளைகள் நடக்கும் இடத்தில் இது என்ன அநியாயம் என்று அன்று முழுக்கக் கடையில் புலம்பினேன்.

நேரிலும் கேட்டேன். வண்டியில் உட்கார்ந்தபடியேதான். "இன்னாப்பா, யாரு நெல்லு இது?"

"நம்புளுதுதாம்மா. கொஞ்ச நேரம் பொறுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை.

விசாரித்தேன். அவருக்கு ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர். போதாதா எனக்கு? நிலம் இல்லாதவருக்கு நெல் எங்கிருந்து வந்தது என்று நானே கேட்டு, நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். துடைப்பத்தோடு அவர் நிற்பதைப் போட்டோ எடுத்து, பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். கீழே இரண்டு வரி எழுதினேன்: 'கொள்முதல் நிலையத்தில் வேலை செய்யும் இவருக்குச் சொந்த நிலம் இல்லை. அப்படியென்றால் இது யாருடைய நெல்?'

சாயங்காலத்துக்குள் குரூப் கொதித்துப்போனது. 'நானும் அப்பவே நினைச்சேன்' என்று பத்துப் பேராவது எழுதியிருப்பார்கள். தலைமை ஆசிரியை அவரைக் கூப்பிட்டு, இனிமேல் வாசலில் எதுவும் போடக்கூடாது என்று சொல்லிவிட்டாராம். போட்டோ கொள்முதல் நிலையம் வரைக்கும் போய், விஷயம் தெளிகிற வரை வேலைக்கு வரவேண்டாம் என்று அங்கிருந்த மேஸ்திரி அவரை நிறுத்திவிட்டார் என்றும் கேள்விப்பட்டேன். உண்மையைச் சொல்கிறேன், அன்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை காலை. நெல்லும் இல்லை, கல்லும் இல்லை. எல்லோரும் பழையபடி வாசலை அடைத்துக்கொண்டு வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். எனக்கு இடம் கிடைக்காததால் ரோட்டிலேயே நிறுத்தி, சீக்கிரம் இறங்கு என்று மகளை அவசரப்படுத்தினேன். அவள் வழக்கம்போல வலது பக்கமாக இறங்கினாள்.

ஹாரன் சத்தம்தான் முதலில் கேட்டது. குவாரிக்குப் போகும் டிப்பர் லாரி. வேகத்தைக் குறைக்கவே இல்லை. என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. அவள் பையைப் பிடித்து இழுத்திருக்கிறேன். லாரி போன பிறகு பார்த்தால் பை என் கையில் இருந்தது, அவள் என் காலடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். சாப்பாட்டு டப்பா மட்டும் தார் ரோட்டில் அப்பளமாக நசுங்கிக் கிடந்தது. எலுமிச்சம்பழச் சாதம் சக்கரம் போன வழியெல்லாம் ஒட்டியிருந்தது. மதிலோரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் அவர் தன் பெண்ணை விட வந்தார். என் மகளைத் தூக்கி நிறுத்தி, மண்ணைத் தட்டிவிட்டு, இரண்டு பிள்ளைகளையும் கேட்டுக்குள் கொண்டுபோய் விட்டு வந்தார்.

மதிலோரத்தில், துடைப்பத்துக்குத் தப்பிய நெல் கொஞ்சம் சிதறிக் கிடந்தது. ஏனென்று தெரியாமல் ஒன்றை எடுத்து விரலில் நசுக்கினேன். உள்ளே அரிசி இல்லை. இன்னொன்று எடுத்தேன். அதிலும் இல்லை. ஒரு பிடி அள்ளினேன், கையில் கனமே இல்லை. எல்லாம் கருக்காய். மணி பிடிக்காத வெற்று நெல், மெஷினில் தூற்றும்போது வெளியே பறந்து விழும் குப்பை. கோழி எதைக் கொத்தும்? காற்றில் பறக்காமல் இருக்கத் தண்ணீர் தெளிக்காமல் என்ன செய்வார்? நான் விவசாயி வீட்டுப் பெண். வண்டியை விட்டு ஒரே ஒரு நாள் இறங்கியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

"அண்ணா, இது கருக்காதானே?" என்றேன். அதுவரை அவரை 'ப்பா' என்றுதான் கூப்பிட்டிருந்தேன்.

"ஆமாம்மா" என்றார். "நெல்லப் பாத்தா லாரிக்காரன் பிரேக் போடறான். மேல ஏத்திட்டா ஊரே சேந்து வண்டியப் புடிச்சிக்கும்னு பயம். புள்ளைங்களப் பாத்தா ஆரன்தான் அடிக்கிறான். கருக்கான்னு வெளில சொன்னா டீக்கடை வரிக்கும் பூடும். அப்புறம் எவன் ஒதுங்குவான்?"

போட்டோ போட்டது நான்தான் என்று சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"தெரியும்மா. குரூப்புல அந்தப் போட்டோ பக்கத்துலயே உங்க மூஞ்சி வட்டமா கீதே."

அன்று கடையைத் திறக்கவில்லை. ஒரு பிடி கருக்காயைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு நேராகக் கொள்முதல் நிலையத்துக்குப் போனேன். மேஸ்திரி அதை ஊதிப் பார்த்துச் சிரித்துவிட்டார். மறுநாளே அவரை வேலைக்கு வரச் சொன்னார். தலைமை ஆசிரியையிடம் தனியாகப் போய் எல்லாவற்றையும் சொல்லி, வெளியே விடாமல் பார்த்துக்கொள்ளவும் கேட்டுக்கொண்டேன். ஆனால் குரூப்பில் எப்படிச் சொல்வது? உண்மையை எழுதினால் லாரிக்காரர்கள் காதுக்குப் போய்விடும். யோசித்துவிட்டு ஒரு பொய் எழுதினேன்: 'அது எங்க அப்பா நெல். தெரியாமல் போட்டோ போட்டுவிட்டேன், காயப்போட்டவரிடம் எல்லோரும் மன்னிப்புக் கேட்கவேண்டும்.'

யார் யார் என்னவெல்லாம் கேட்கப்போகிறார்களோ என்று பயந்துகொண்டே போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர்கூட எதுவும் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் ஏன் காய்கிறது, மானாம்பதி நெல் இவ்வளவு தூரம் ஏன் வருகிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. 'உங்க நெல்லா, முன்னாடியே சொல்லக்கூடாதா?' என்று ஒருவர் எழுதினார். காயப்போட்டவரிடம் யாரும் மன்னிப்பும் கேட்கவில்லை. மறுநாள் நான் போனை அவரிடம் காட்டியபோது, படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்து, "உங்க நெல்லுன்னா சரியாப் பூடுதும்மா" என்று மட்டும் சொன்னார். எனக்குத் தலை நிமிரவில்லை.

அதற்குப் பிறகு அவர் மறுபடியும் வாசலில் விரித்தார், கருக்காய் எங்கள் களத்திலிருந்தும் போனது. இப்போது பள்ளி முன்னால் வேகத்தடை போட்டுவிட்டார்கள். அதனால்தான் இதை எழுதத் துணிந்தேன். நானும் வண்டியைத் தூரத்திலேயே புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு, மகளைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போகிறேன். கடை பத்து நிமிஷம் தாமதமாகத்தான் திறக்கிறது.

மணி ஒன்றுகூட இல்லாத அந்த இரண்டு மூட்டைக் கருக்காய், அவருடையது என்றபோது திருட்டு நெல்லாகவும் எங்களுடையது என்றதும் நல்ல நெல்லாகவும் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்ததே, அதை நினைத்தால் அந்த வேகத்தடையை ஒவ்வொரு நாளும் கடக்கும்போது இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.