சேர்த்து வைத்த அதிர்ஷ்டம்

வாஷிங் மெஷின் மெக்கானிக் பணத்தில் கஞ்சன் இல்லை. கேட்டவருக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுப்பார். அவர் இறுக்கி முடிந்து வைத்திருந்தது அதிர்ஷ்டத்தை. ஓடினால் பிடித்துவிடலாம் என்கிற பஸ்ஸின் பின்னால் ஓட மாட்டார். குலுக்கல் சீட்டை இலவசமாக நீட்டினாலும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். "வேணாங்க, வீணா செலவாயிடும்," என்பார். எது செலவாகும் என்று யாருக்கும் புரியாது. நாற்பதைத் தாண்டியும் ஒண்டிக்கட்டையாக நின்றதற்கும் இந்தச் சிக்கனம்தான் காரணம்.

எல்லாம் ஒரு புத்தகம் செய்த வேலை. பள்ளிக்கூட நூலகத்திலிருந்து அண்ணனும் அவரும் மாற்றி மாற்றி எடுத்த சாகசப் புத்தகம். அதில் படிக்கிறவன்தான் வீரன்; எண் போட்ட பகுதிகளில் அடுத்து எதற்குப் போவது என்று அவனே முடிவு செய்ய வேண்டும். குகையில் இடது பக்கம் திரும்ப அறுபத்தெட்டாம் பகுதிக்குப் போ, கதவை உடைக்க நூற்று மூன்றாம் பகுதிக்குப் போ என்று ஆளை அலைக்கழிக்கும். தொடங்கும்முன் பகடை உருட்டி, திறமை, தெம்பு, அதிர்ஷ்டம் மூன்றுக்கும் எண் எழுதிக்கொள்ள வேண்டும். ஆறிலும் சாவு நூறிலும் சாவு என்பது அந்தப் புத்தகத்தில் அப்பட்டமான உண்மை. ஆறாம் பகுதியில் குழி, நூறாம் பகுதியில் பாம்பு.

அண்ணன் ஐந்து விரலையும் ஐந்து பக்கத்தில் செருகிக்கொண்டு படிப்பார். செத்தால் விரல் இருக்கும் பக்கத்துக்குத் திரும்பிவிடுவார். அரக்கன் வந்தால் பகடையைத் தொடாமலே "கொன்னுட்டேன்" என்று மேலே போய்விடுவார். ஒரே சாயங்காலத்தில் புதையலை எடுத்துவிட்டுப் பந்து விளையாடப் போனார். தம்பியோ ஒவ்வொரு எலிக்கும் முறைப்படி பகடை உருட்டினார். எலியிடமே செத்திருக்கிறார். செத்தால் மறுபடி முதலிலிருந்துதான். கடைசிப் பகுதியை அவர் பார்த்ததே இல்லை. இருந்தாலும் இன்றைக்கும் அந்தப் பழுப்புத் தாளின் வாசனை நினைவுக்கு வந்தால், ஏதோ ஒரு வீட்டில், திறந்து போட்ட மெஷின் முன்னால் ஒரு நிமிஷம் அப்படியே நின்றுவிடுவார். அவ்வளவு சந்தோஷமாக அதற்கப்புறம் அவர் எங்கும் தோற்றதில்லை.

அதில் ஒரு விதி அவரைப் பிடித்துக்கொண்டது. அதிர்ஷ்டத்தைச் சோதிக்க இரண்டு பகடையை உருட்ட வேண்டும். கூட்டுத்தொகை அதிர்ஷ்ட எண்ணுக்குள் வந்தால் பிழைத்தோம், தாண்டினால் போச்சு. ஆனால் ஜெயித்தாலும் தோற்றாலும் அதிர்ஷ்டத்தில் ஒன்று குறைந்துவிடும். மற்றப் பிள்ளைகள் புத்தகத்தோடு மூடி வைத்துவிட்ட விதியை இவர் வாழ்க்கைக்கும் எடுத்து வந்துவிட்டார். பத்தில் தொடங்கினார். பரீட்சையில் குத்துமதிப்பாகப் பதில் எழுதித் தேறியதில் ஒன்று போயிற்று. ஈரக்கையோடு மோட்டாரைத் தொட்டுப் பிழைத்ததில் ஒன்று. அண்ணன் சமைத்ததைச் சாப்பிட்டதில் ஒன்று. மிச்சம் ஏழு.

அந்த ஏழையும் அவர் பொத்திப் பொத்தி வைத்திருந்தது ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் உட்கார்ந்திருந்த கவுன்ட்டர் மேடத்துக்காக. மூக்கு நுனியில் கண்ணாடி, காதில் பென்சில், இவரைப் போலவே தனி ஆள். நாலு வருஷமாக அவரிடம் தேவையில்லாத மெஷின் பெல்ட்டாக வாங்கிக் குவித்தார் மெக்கானிக். கட்டிலுக்கடியில் இடம் போதாமல் நாற்காலி முதுகிலும் பெல்ட் தொங்கியது. போன வாரம் மேடம் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"அடுத்த மாசத்துலேருந்து என்னை வேற ஊர் கிளைக்கு மாத்திட்டாங்க சார். இனிமே பெல்ட்டுக்கு வேற ஆள்கிட்டதான் கேக்கணும்."

அன்றைக்கு மெக்கானிக் காசைக் கொடுத்துவிட்டு, பெல்ட்டை எடுக்காமலே வீடு வந்து சேர்ந்தார். மறுநாள் அண்ணன் வீட்டில் விஷயம் வெளியே வந்தது.

"போய்க் கேட்டுடுடா," என்றார் அண்ணன். "முகம் மாறிச்சுன்னா, தெரிஞ்சவர் ஒருத்தருக்காகக் கேட்டேன்னு சொல்லிடு. திரும்பி வர ஒரு வழி எப்பவும் வச்சிருக்கணும்."

"அது அழுகுணி ஆட்டம்ணா."

"இவர் என்னைக் கேட்டதே அப்படித்தான்," என்றார் அண்ணி. "எங்க அக்காவும் நானும் நின்னுட்டிருந்தோம். ரெண்டு பேருக்கும் பொதுவா கேட்டு வச்சார். நீங்க நேரா கேளுங்க தம்பி. பகடை கிகடைன்னு போய் நிக்காதீங்க."

பகடையோடுதான் போய் நின்றார். மத்தியானம், கடையில் வேறு யாரும் இல்லை.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும் மேடம். அதுக்கு முன்னாடி இதை உருட்டிப் பாக்கணும்."

ஏன் என்று மேடம் கேட்டார். குகையில் தொடங்கி எலி வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னார் மெக்கானிக். பத்து ஏழான கதையையும் சொன்னார். எலி வந்த இடத்தில் மேடம் சிரித்தார். மற்றபடி கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரி, புத்தகம் முடியும்போது அதிர்ஷ்டம் மிச்சம் இருந்தா அதை என்ன பண்ணுவாங்க?"

முடிவைப் பார்த்தவராக இருந்தால் அல்லவா சொல்வதற்கு? யோசித்தார். "ஒண்ணும் பண்ண முடியாது மேடம். அழிச்சிட வேண்டியதுதான்."

"அதுக்கா இத்தனை வருஷம் பூட்டி வச்சீங்க?"

மெக்கானிக்கின் காது சூடேறியது. சட்டென்று பகடைகளை உருட்டிவிட்டார். ஒரு பகடையில் ஆறு, இன்னொன்றில் ஐந்து. பதினொன்று.

அழுகை வரும் போலிருந்தது. இனிமேல் கேட்கக் கூடாது. விதி என்றால் விதி. "சரிங்க," என்றார். "ஒரு பெல்ட் குடுங்க."

மேடம் எழுந்திருக்கவில்லை. ஆறைக் காட்டிக்கொண்டிருந்த பகடையை ஒரு விரலால் புரட்டி ஒன்று ஆக்கினார். "ஏழுக்குள்ள வந்தா போதும்னுதானே சொன்னீங்க?"

"அது அழுகுணி ஆட்டம் மேடம்." பழக்க தோஷம், வாய் முந்திக்கொண்டது.

"ஓ. மன்னிச்சுக்குங்க." மேடம் பகடையைப் பழையபடி ஆறாகவே வைத்தார். முகத்திலிருந்த விளையாட்டு போய்விட்டது. காதிலிருந்த பென்சிலை எடுத்தார். "எந்த மெஷினுக்குப் பெல்ட்?"

மெக்கானிக்குக்குத் தன் மேலேயே ஆத்திரம் பொங்கியது. எலிக்கெல்லாம் நியாயம் பார்த்த கை நீண்டது. ஆறைப் புரட்டி ஒன்று ஆக்கினார். அதுவும் போதாதோ என்று பயந்து, ஐந்தையும் புரட்டி இரண்டு ஆக்கினார்.

"மூணு," என்றார். "மூணு விழுந்திருக்கு மேடம்."

"நானும் பாத்தேன்," என்றார் மேடம். "கேளுங்க."