ஒற்றைக்கால் குருவியும் சரசக்காவின் கடையும்

சரசக்கா இறந்துவிட்டார் என்று பால்காரர் வந்து சொன்னபோது நான் நம்பவில்லை. "ஆரு சொன்னா? நீங்க பாத்தீங்களா?" என்று வாசலிலேயே நிறுத்திக் கேட்டேன். "ஏனுங்க, சாவுக்குமா சாட்சி கேப்பீங்க?" என்றார் அவர். என் புத்தி அப்படி. அந்தப் புத்தி சரசக்காவை என்ன பாடு படுத்தியது என்று நம் மாதர் சங்கத் தோழிகளுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கஞ்சிக்கோட்டில் ஊசி பிடித்த பெண்கள் எல்லோருக்கும் அவர் கடையைத் தெரியும். எம்பிராய்டரி நூல், பாசிமணி, சரிகை, பித்தான், எது கேட்டாலும் இருக்கும். ஆனால் நாம் தைத்ததைக் கொண்டுபோனால் முதலில் பின்பக்கத்தைத் திருப்பித்தான் பார்ப்பார். "முன்பக்கத்துல ஆரு வேணா ஏமாத்தலாம் அம்மிணி, முடிச்சப் பாத்தாத்தான் ஆளு தெரியும்" என்பார். இவர் எதற்கு இவ்வளவு நேரம் உற்றுப் பார்க்கிறார் என்று எனக்கு அப்போதே உறுத்தும்.

எமர்ஜென்சி வந்த வருஷம். ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கைக்காக முல்லைக்கொடியும் இரண்டு குருவிகளும் வரைந்தேன். இடம் போதாமல் இடப்பக்கக் குருவிக்கு ஒரு கால்தான். என் வீட்டில் மேசை கிடையாது. சரசக்காவின் கடை மேசையில் வைத்துத்தான் ட்ரேசிங் பேப்பரைக் கோட்டின்மேல் ஊசியால் துளைத்தேன். மண்ணெண்ணெயில் சலவை நீலத்தைக் கரைத்து அந்தத் துளைகளின்மேல் தேய்த்தால் படம் துணியில் இறங்கும். நமக்கெல்லாம் அதுதானே வழி. முடித்ததும் பேப்பரைச் சுருட்டிக் கையோடு எடுத்துவந்தேன். சரசக்காவைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

இரண்டு வாரத்தில், அதே கடையில் நூல் வாங்கும் லில்லி தைத்த தலையணை உறையில் அதே ஒற்றைக்கால் குருவி உட்கார்ந்திருந்தது. கல்யாண வீட்டார் கண்ணிலும் அது பட்டது. "ஊரெல்லாம் கெடக்கற பூவா எங்க பொண்ணுக்கு?" என்று பட்டுத்துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். நேராகக் கடைக்குப் போய், ஆறேழு பெண்கள் நிற்கும்போதே, "டிசைனத் திருடி விக்கறீங்களாக்கா?" என்று கத்தினேன்.

"நான் எடுக்கல அம்மிணி" என்றார். ஒரே ஒருமுறைதான் சொன்னார். குற்றமில்லாதவள் இப்படியா அடங்கிப் பேசுவாள் என்று மாதர் சங்கத்தில் ஒருத்தி விடாமல் சொல்லிவைத்தேன். நீங்களும் நம்பினீர்கள். ஒவ்வொருவராக அந்தக் கடைக்குப் போவதை விட்டீர்கள்.

ஏழெட்டு மாதம் கழித்து, பாலக்காட்டு பஸ்ஸில் லில்லியின் பக்கத்தில் உட்கார நேர்ந்தது. குருவியை யார் கொடுத்தது என்று மிரட்டாத குறையாகக் கேட்டேன்.

"ஆரும் குடுக்கலீங்க்கா. நூலு மடிச்சுக் குடுத்த தாள்ல ஓட்டை ஓட்டையா இருந்துச்சு. நீலத்தத் தேச்சுப் பாத்தனா, குருவி வந்துச்சு."

அன்று துளைக்கும்போது அடியில் மெத்தென்று இருக்கட்டும் என்று, பொட்டலம் மடிக்கும் தாள்கட்டை இழுத்துப் போட்டுக்கொண்டவள் நானேதான். என் ஊசி அந்தத் தாளையும் சேர்த்துத் துளைத்திருக்கிறது. அடச்சீ, என்ன பிறவி நான்!

மறுநாளே ஒப்புக்கொள்ளப் போனேன். கடையில் அவர் மட்டும் இருந்தார். "வாங்க, என்ன வேணுமுங்க?" என்றார், முன்பின் தெரியாதவளிடம் கேட்பதுபோல. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: ஊசி. எடுத்துவைத்தார். "தாள்ல மடிச்சுத் தரட்டுங்களா, அப்படியே கொண்டு போறீங்களா?" என்றார்.

தெரிந்துதான் கேட்டாரா? அப்போதும் எனக்குச் சந்தேகம்தான் முதலில் வந்தது, வெட்கம் அப்புறம்தான். காசை வைத்துவிட்டு ஊசிப் பாக்கெட்டை அப்படியே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே நாளைக் கடத்தினேன்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்த ஊசிப் பாக்கெட்டு ஒன்றுதான். இன்னும் பிரிக்கவில்லை. சரசக்கா எதையும் திருடவில்லை, தோழிகளே. இதை அவர் காதில் விழும்படி சொல்ல எனக்கு மூன்று வருஷம் இருந்தது.