அக்கா பார்த்திருந்த வளைவு

பிலோமினா அக்கா போய்விட்டார் என்று செல்வம் போனில் சொன்னபோது நான் ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, விடியும் நேரம்; ஆபீஸ் கூட்டாளிகள் நாங்கள் வாராவாரம் குன்று ஏறும் நாள். சற்று நேரத்தில் குன்றடியில் எங்களுக்கு முன்னால் வந்து நின்று, "இன்னாப்பா, பொண்டாட்டி எழுப்பிவிட்டாத்தான் வருவீங்களா?" என்று கேட்டிருக்க வேண்டியவர். தூக்கத்திலேயே போய்விட்டாராம். ஒற்றை ஷூவோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

உளுந்தூர்பேட்டை ரோட்டோரம் இருக்கும் அந்தச் சின்னப் பாறைக்குன்றில் அவரோடு ஏறியவர்களுக்குத் தெரியும். மேலே போனதும் நாமெல்லாம் மேற்கே திரும்பிக் கல்வராயன் மலையைப் படம் எடுப்போம். அக்கா மட்டும் கிழக்கே பார்த்து உட்காருவார். கீழே ரோடு ஒரு புளியமரத்து வளைவு வரைக்கும் தெரியும். அதற்கு அப்பால் தெரியாது. அந்த வளைவிலிருந்து நம் பக்கம் ஒரு வண்டியாவது வந்தால்தான் இறங்க விடுவார். டிராபிக் போலீஸ் என்று அவரைக் கிண்டல் செய்வோம்.

"ரோடு காலியாத்தானே கீது, போலாம் வாங்கக்கா" என்று ஒருமுறை அவசரப்படுத்தினேன். முகம் மாறிவிட்டது.

"காலியா கீதுன்னா நல்ல ரோடுன்னு எவன் சொன்னான் உனக்கு?"

அடுத்த நாள் ஆபீஸில் சாப்பிடும்போது அவரே காரணம் சொன்னார். இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷம். ரோடுகளில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள், பஸ் கிடையாது. திருநாவலூரில் மாமியார் சாகக் கிடக்கிறார் என்று சேதி வர, கணவர் ஜோசப்பு சைக்கிளை எடுத்துவிட்டார். "இருங்க, பாத்துட்டு வந்துடறேன்" என்று அக்கா வீட்டுக்குப் பக்கத்திலிருந்த இந்தக் குன்றின்மேல் ஏறியிருக்கிறார். வளைவு வரைக்கும் ஒரு மரம் விழவில்லை, ஒரு ஆள் இல்லை. இறங்கி வந்து, "ரோடு காலியா கீது, கெளம்புங்க" என்று அனுப்பிவைத்தார்.

"ஏன் காலியா கீதுன்னு யோசிக்கல தம்பி. அந்தாண்ட அடைச்சிருந்தாத்தானே இந்தாண்ட காலியா இருக்கும்?"

வளைவைத் தாண்டி, வெட்டிப் போட்ட மரங்களுக்கு நடுவே சைக்கிள் கிடந்தது. ஜோசப்பு உயிரோடும் கிடைக்கவில்லை, உடலாகவும் கிடைக்கவில்லை. ஸ்டேஷன், ஆஸ்பத்திரி என்று அலைந்து ஓய்ந்த பிறகு அக்காவுக்கு மிச்சமிருந்தது இந்தக் குன்றுதான். அதன்பிறகு எனக்குக் கிண்டல் வாயில் வரவில்லை.

போன மார்கழியில் பனி மூடிய ஒரு காலை. அக்கா என் கையைப் பிடித்தார். "அதோ பாரு, பெல் அடிச்சிக்கினு வர்றாரு."

ரோட்டில் யாருமே இல்லை. அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, வாசலில் நிற்பதுபோல எழுந்து நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வளைவுலயே நின்னுட்டாரு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அடக்கம் முடிந்த அடுத்த ஞாயிறு நாங்கள் ஏறினோம். யாரும் சொல்லாமலே எல்லோரும் கிழக்கே பார்த்து உட்கார்ந்தோம். ஒரு கரும்பு லாரி வளைவில் திரும்பி வந்தது. "வந்துடுச்சி, எறங்கலாம்" என்று செல்வம் எழுந்தான். மற்றவர்களும் அவன் பின்னால் போனார்கள்.

அக்கா ஒருநாளும் லாரிக்காகக் காத்திருக்கவில்லை, ஜோசப்புக்காகத்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்களை வீட்டுக்கு அனுப்புவதற்காக ஒவ்வொரு வாரமும் அந்தக் காத்திருப்பின் பாதியில் எழுந்து வந்திருக்கிறார். அவர் விட்டுப்போனதில் என்னிடம் வந்து சேர்ந்தது அந்த மிச்சக் காத்திருப்பு. நான் இறங்கவில்லை.

வளைவுக்கு அந்தப் பக்கம் சைக்கிள் பெல் கேட்டது. எழுந்து நின்றேன்.