மார்கழிக்கு முன் கட்டிய முன்பணம்

மேல்நிலைப் பள்ளியில் விமானத் தொழில்நுட்பம் படித்து முடித்தபோது எனக்கு ஒன்றே ஒன்றுதான் தேவைப்பட்டது: ஏதாவதொரு பட்டறையில் பயிலுநர் இடம். ஒஸ்லோத் தமிழ் வீடுகளில் அதை 'லேர்ப்பிளாஸ்' என்றுதான் சொல்வோம். அது கிடைத்தால் வேலை பழகித் தொழிற்சான்றிதழ் எடுக்கலாம். கிடைக்காவிட்டால் படித்தது வெறும் படிப்பு. விமான நிறுவனங்கள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. என் வகுப்பில் இடம் கிடைத்தவர்களின் அப்பாவோ மாமாவோ விமான நிலையத்தில் வேலை செய்தார்கள். என் அப்பாவும் அங்கேதான் வேலை செய்தார், பயணிகள் மண்டபத்தைத் துப்புரவு செய்பவராக.

நான் ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் ஒரு காலணிக் கடையில் சப்பாத்து விற்றுக்கொண்டிருந்தேன். விண்ணப்பங்களுக்குப் பதில் வருவது நின்றுபோயிருந்தது. அப்போதுதான் இணையத்தில் அந்த அமெரிக்கக் கல்லூரியைக் கண்டேன். சமூகக் கல்லூரி, அதாவது அந்த ஊர்ப் பிள்ளைகள் குறைந்த செலவில் படிப்பதற்காக நடத்தப்படுவது. விமானப் பராமரிப்பில் ஈராண்டுப் பட்டம், முடிவில் அமெரிக்க உரிமத் தேர்வு. விண்ணப்பித்தேன். கார்த்திகையில் ஏற்றுக்கொண்டார்கள்.

உடனே அட்டவணை போட்டேன். கட்டணம், வெளிநாட்டவர் என்பதால் ஊர்ப் பிள்ளைகளைவிடப் பல மடங்கு. வாடகை, மருத்துவக் காப்புறுதி, பயணம். மாணவர் தானே வாங்கவேண்டிய கருவிப் பெட்டி. நோர்வே அரசின் கல்விக் கடன் அங்கே முதல் வருடத்துக்குக் கிடைக்காது. அந்த வருடத்தை இங்கே உயர்கல்வியாகக் கணக்கெடுக்க மாட்டார்கள். நல்ல செய்தி ஒன்றுதான், டொலர் விலை இறங்கியிருந்தது. எதிர்ப்பக்கத்தில் ஒரே ஒரு வரி இருந்தது: நோர்வேயில் வேலை. அதன் பக்கத்தில் கேள்விக்குறி. அமெரிக்க உரிமம் இங்கே செல்லுமா என்று விமானத்துறை அதிகாரிகளுக்கு எழுதிக் கேட்டிருந்தேன். பதிலுக்குச் சில வாரங்கள் ஆகும் என்றார்கள்.

அந்தச் சில வாரங்களைத் தர அம்மாவால் முடியவில்லை. முன்பணம் கட்டுவதற்கான கடைசித் தேதி, தை பிறப்பதற்கு முன்பே, மார்கழிக்குள் வந்தது.

"மார்கழி பிறந்தா ஒண்டும் தொடங்கேலாது, பிள்ளை. கட்டுறதெண்டா இந்தக் கிழமை கட்டோணும்."

"பதில் வரட்டும் அம்மா."

"அவங்கள் என்னத்தைச் சொல்லப் போறாங்கள்? அமெரிக்காவிலை படிச்சதை வேண்டாம் எண்டு சொல்லுவாங்களோ?"

வீட்டில் அதற்கு யாரிடமும் மறுப்பு இல்லை. எனக்கும், உண்மையைச் சொன்னால், காத்திருந்து களைத்துவிட்டது. ஏதாவது ஒன்று தொடங்கவேண்டும் போலிருந்தது.

பணத்துக்கு அப்பா சீட்டை எடுத்தார். நாங்கள் குடியிருந்த வெஸ்ட்லியில் எங்கள் மாடிக்குக் கீழே இருந்த மாமி நடத்திய சீட்டு. அவசரத்துக்கு எடுப்பவர் கூடுதலாகக் கழித்துத்தான் எடுக்கவேண்டும். கைக்கு வருவது குறையும், மாதாமாதம் கட்டுவது குறையாது. அம்மா ராகுகாலம் பார்த்து எங்களை வங்கிக்கு அனுப்பினார். அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் அவருக்குத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. பைலட் படிப்போ என்று ஒருவர் கேட்டார். பிளேன் திருத்துற படிப்பு என்று அம்மா சொன்னதும், பெட்டைப் பிள்ளைக்கு உந்தக் கிறீஸ் வேலை ஏன் என்றார் இன்னொருவர்.

"கை கழுவினாப் போகும்," என்றார் அம்மா. அன்று அவர் முகத்தில் இருந்த பெருமையை அதற்கு முன் நான் கண்டதில்லை.

நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, முந்திய வாரம் பதில் வந்தது. மரியாதையான, தெளிவான பதில். அமெரிக்க உரிமத்தை வைத்து இங்கே பதிவான விமானத்தைத் திருத்தி, பறக்கலாம் என்று கையெழுத்துப் போட முடியாது. எல்லாப் பாடங்களிலும் ஐரோப்பியத் தேர்வு புதிதாக எழுதவேண்டும். அத்துடன் அங்கீகாரம் பெற்ற பட்டறையில் வேலை செய்த அனுபவம் வேண்டும். அந்த வரியை மூன்று மொழியிலும் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். எந்தப் பட்டறைக் கதவு திறக்கவில்லை என்று கடல் கடக்கப் பார்த்தேனோ, திரும்பி வந்து அதே கதவைத்தான் தட்டவேண்டும், கடனோடு.

அட்டவணையை மறுபடி திறந்தேன். வாடகையை இருவர் பகிர்வதாக மாற்றினேன். பிறகு சாப்பாட்டைக் குறைத்தேன், பிறகும் குறைத்தேன். படிப்பு முடிந்து அங்கேயே வேலை செய்யலாமா என்று தேடினேன். சில மாத அனுமதி, பிறகு வெளியேறவேண்டும். கல்லூரிக்குத் தொலைபேசி எடுத்தேன். முன்பணம் இடத்தைப் பிடித்து வைப்பதற்கானது, திருப்பித் தர வழியில்லை என்று ஒரு பெண் கனிவாகச் சொன்னார். நன்றி சொல்லி வைத்துவிட்டு, கடையின் பின்னறையில் சப்பாத்துப் பெட்டிகளை அளவு வாரியாக அடுக்கினேன். ஏற்கெனவே அடுக்கியிருந்தவைதான்.

அன்று வேலை முடிய அப்பா என்னை ஏற்ற வந்திருந்தார். காரில் ஏறியதும் சொன்னேன்.

"அப்பா, அந்தப் படிப்பு இஞ்சை செல்லாதாம்."

"ஒண்டுக்குமோ?"

"திரும்ப எல்லாச் சோதினையும் எடுக்கோணும். பிறகு பட்டறையிலை வேலை செய்திருக்கோணும்."

"பட்டறையிலை இடம் கிடைக்கேல்லை எண்டுதானே போறாய்?"

"ஓம். அதாலைதான் போறேல்லை எண்டு முடிவெடுத்தனான்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"காசை நினைக்காதை. சீட்டை நான் கட்டி முடிப்பன். கொம்மாவுக்கும் நானே சொல்லுறன்," என்றார். பிறகு, "அப்ப என்ன செய்யப் போறாய்?"

யார் எதைக் கேட்டாலும் முதலாவது, இரண்டாவது என்று சொல்பவள் நான். அன்று முதலாவதே இல்லை.

"தெரியாது அப்பா."

அவர் காரை எடுக்கவில்லை. கடைத்தொகுதி வாசலில் நாங்கள் வழியை மறித்துக்கொண்டு நின்றோம். பின்னால் வந்தவர் விளக்கை அடித்துக் காட்டினார், பிறகு ஹோர்ன் அடித்தார். அப்போதும் அப்பா எடுக்கவில்லை. வீட்டில் அம்மா யாருடனோ தொலைபேசியில் என் பயணத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருப்பார் என்பது இருவருக்கும் தெரியும்.