'மகத்தான' என்ற சொல்லுக்குத் தனி விலை

1987 மே மாதத்து ராணுவ ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு இந்தியர்கள் பலர் தீவை விட்டுக் கிளம்பியதால், பா என்ற ஊரில் பயணப்பெட்டி வியாபாரம் சூடுபிடித்தது. அதற்கு அடுத்தபடியாக வழியனுப்பு விழா. வாரத்துக்கு ஒருவராவது கிளம்பினார். கிளம்பியவருக்கு ஒரு கூட்டம், ஒரு சலுசலு இலைமாலை, தேநீர், அப்புறம் ஒரு பேச்சு. அந்தப் பேச்சை எழுதிக் கொடுத்துத்தான் பால் என்பவர் இரண்டு வருஷம் பிழைத்தார்.

அதற்கு முன்னால் அவர் லௌடோகாவில் ஒரு சின்ன வாரப் பத்திரிகையில் பிழை திருத்திக்கொண்டிருந்தார். ஜூன் மாதம் பத்திரிகை நின்றுபோயிற்று. நாற்பத்தோரு வயதில் வேலையில்லாமல் பா ஊருக்கு, வேராவின் வாடகை வீட்டுக்கு, நிரந்தரமாக வந்து சேர்ந்தார். வேரா அவர் மனைவி. அங்கே மருத்துவமனையில் நர்ஸ். பிள்ளைகள் இல்லை.

முதல் பேச்சு துணிக்கடை பல்ராமுக்காக எழுதியது. பல்ராம் பள்ளிக்கூடக் கமிட்டியின் தலைவர். பாதி இந்தியும் பாதி தமிழுமாகப் பேசுபவர்.

"பால் பாய், நாகையா மாஸ்டர் கனடா போறாரு. நான்தான் பேசணும். நல்லா தூக்கி எழுது."

"எவ்வளவு தூக்கணும்?"

"ஆகாசம் வரைக்கும் தூக்கு. நமக்கு என்ன செலவு?"

பால் தூக்கவில்லை. பள்ளியைப் பெருக்கும் அம்மாவிடமும், பஸ் டிரைவரிடமும், முன்பு அங்கே படித்த ஒரு பெண்ணிடமும் போய், நாகையாவைப் பற்றி ஆளுக்கு ஒரு விஷயம் கேட்டுவந்தார். அதில் ஒன்று இது: பதினோரு வருஷத்தில் நாகையா ஒரே ஒரு நாள்தான் நேரத்துக்குப் பள்ளிக்குள் வரவில்லை. அன்று பள்ளிக்கு முன்னால் இருந்த ஓடையில் வெள்ளம். அவர் திரும்பிப் போகாமல், அக்கரையில் குடையோடு நின்றபடி பெயர் கூப்பிட்டார். பிள்ளைகள் இக்கரையில் வரிசையாக நின்று 'பிரசெண்ட் சார்' என்று கத்தினார்கள். பால் அதை அப்படியே எழுதினார். பல்ராம் அதைப் படித்தபோது கூடம் சிரித்தது. நாகையா மாஸ்டர் கைக்குட்டையை எடுத்தார்.

இந்தத் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. பேச்சை இன்னொருவர் எழுதினார் என்று பேசியவர் சொல்லமாட்டார். எழுதியவரும் சொல்லக்கூடாது. விளம்பரம் செய்ய வழியே இல்லை. 'பேச்சு எழுதித் தரப்படும்' என்று பலகை வைத்தால் அந்தப் பலகைக்குக் கீழே யார் வந்து நிற்பார்கள்? ஆகவே பால் 'தட்டச்சு செய்து தரப்படும்' என்று பலகை மாட்டினார். மிச்ச வேலையை பல்ராம் பார்த்துக்கொண்டார். ஒரு வாரம் எல்லாருடைய பாராட்டையும் வாங்கிக்கொண்டு திரிந்தவர், பிறகு யங்கோனா என்ற வேர்ச்சாறு குடிக்க உட்கார்ந்த இடத்தில் ஒருவரிடம் மட்டும் உண்மையைச் சொல்லி, யாரிடமும் சொல்லாதே என்றார். அடுத்த மாதம் தவுவாவிலிருந்தும் வட்டுகோலாவிலிருந்தும் ஆட்கள் பஸ் ஏறி வந்தார்கள். ரராவாய் சர்க்கரை ஆலை ஆட்கள் நடந்தே வந்தார்கள்.

வந்தவர்களுக்கு ஒரே விலை. ஆனால் 'மகத்தான' என்ற சொல் வேண்டுமென்றால் ஒரு டாலர் கூடுதல். 'தன்னலமற்ற' என்றால் ஒன்றரை. அது உண்மையா என்று சரிபார்ப்பது இன்னும் கஷ்டம் என்பார் பால். வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்தவர்கள் காசு கொடுக்கும்போது தெரிந்துகொண்டார்கள். சபையில் படித்ததை, தேநீர் முடிவதற்குள் யாரும் எழுந்து மறுக்க முடியக்கூடாது. அவர் வைத்துக்கொண்ட சட்டம் அது ஒன்றுதான். விழா நடக்கும்போது கூடத்துக்கு வெளியே ஜன்னலோரம் நின்று கேட்பார். முடிந்ததும் போய்விடுவார்.

1989 பிப்ரவரியில் ஒரு மத்தியானம் வேரா ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து தட்டச்சுப் பொறியின் மேல் வைத்தாள்.

"ஆக்லாந்து ஆஸ்பத்திரிலேர்ந்து ஆர்டர் வந்துடுச்சு. ஏப்ரல்ல வேலைக்குச் சேரணும். உங்களுக்கும் சேர்த்துதான் விசா."

பால் அதை ஓரத்தில் விரல் வைத்து, வரிவரியாகப் படித்தார். "ரெண்டாவது பாராவுல ஒரு எழுத்து விட்டுப்போச்சு."

"தப்பு கண்டுபிடிக்கவா குடுத்தேன்? வரீங்களா, இல்லையா?"

"அங்க நான் என்ன எழுதுவேன் வேரா? இங்க ஆளுங்கள எனக்குத் தெரியும். அங்க யாரைத் தெரியும்?"

"அப்ப நான் தனியாப் போறேனா?"

பால் ஒரு காகிதத்தை எடுத்துப் பொறியில் சுற்றினார். காகிதம் நேராக இருந்தும் மறுபடி எடுத்துச் சுற்றினார்.

"உங்க வாயிலேர்ந்து எதுவும் வராது," என்றாள் வேரா. "எழுதிக் குடுத்து இன்னொருத்தர் படிச்சாதான் உண்டு." கோபமாகச் சொல்லவில்லை. ஜுரத்தின் அளவைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, வேலைக்குப் போக உடுப்பு மாற்றப் போனாள்.

தனியாகவே டிக்கெட் எடுத்தாள். பத்து நாள் கழித்து வார்டு சிஸ்டர் லீலாவதி வாசலில் வந்து நின்றாள்.

"பால் அண்ணே, வேராவுக்கு வழியனுப்பு வைக்கிறோம். நான் படிக்கணும். வேற யார்கிட்ட நான் போவேன்?"

"'மகத்தான' வேணுமா?"

"நர்ஸுங்க எல்லாம் சேர்ந்து நாலு 'மகத்தான'வுக்குக் காசு போட்டிருக்கோம்."

"திருப்பிக் குடுத்துடு. அவ சிரிப்பா."

மனைவியைப் பற்றி வீட்டிலிருந்தே எழுதிவிடலாம். உட்கார்ந்தும் பார்த்தார். 'பதினாறு வருஷமாக' என்று தொடங்கி அரைப் பக்கத்தில் நின்றுவிட்டார். எழுதியது எந்த நர்ஸுக்கும் பொருந்தும். ஆகவே வழக்கம்போல மூன்று பேரிடம் கேட்கப் போனார்.

மருத்துவமனைச் சமையல்காரி பொன்னம்மா கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "உம் பொண்டாட்டி தெனமும் வந்து நோயாளி கஞ்சிய ருசி பாக்கும். பதினோரு வருஷமா 'உப்பு ஜாஸ்தி'ன்னே சொல்லும். ஒருநாளும் ஜாஸ்தியா இருந்ததில்ல. நான் கவனமா இருக்கணும்னு சொல்லுது. எனக்குத் தெரியும், ஆனா அதுகிட்ட சொல்லமாட்டேன்."

ஆம்புலன்ஸ் ஓட்டும் ஜோசெஃபா வண்டியில் சாய்ந்துகொண்டு, இந்தியில் சொன்னான். கவிழ்ப்பு நடந்த வாரம், ரோட்டில் சிப்பாய்கள் வண்டியை நிறுத்தினார்கள். ஒருவன் துப்பாக்கியோடு ஜன்னலில் குனிந்தான். வேரா அவனிடம், "தம்பி, பின்னாடி ஒரு பொம்பளைக்குப் பிரசவம் ஆகிட்டிருக்கு. ஒண்ணு வழி விடு, இல்ல கைய கழுவிட்டு உள்ள ஏறி ஒத்தாசை பண்ணு" என்றாள். சிப்பாய் வழி விட்டான். "அவ பேசின வேகத்த விட வேகமா நான் ஓட்டினேன்," என்றான் ஜோசெஃபா. பால் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார்.

மூன்றாவது, லீலாவதியேதான். அவள் கொஞ்சம் தயங்கினாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சதுதானே அண்ணே. எண்பத்தேழு நவம்பர்லயே அவளுக்கு ஆக்லாந்துலேர்ந்து ஆர்டர் வந்துச்சே. வேணாம்னு எழுதிட்டா. ஏன்டின்னு கேட்டேன். 'எங்க வீட்டுக்காரர் இப்பதான் மிஷின் வாங்கியிருக்காரு, தொழில் சூடு பிடிக்குது'ன்னா."

பாலுக்குத் தெரியாது. அந்த நவம்பர் மட்டும் நினைவிருந்தது. பழைய தட்டச்சுப் பொறி ஒன்றை வாங்கி, லௌடோகாவிலிருந்து மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். "இனிமே கவலையில்ல" என்று வேராவிடம் சொன்னார். அவள் அதன் மேல் படிந்திருந்த தூசியைத் துடைத்து, "நல்லது" என்றாள். இவ்வளவுதான் சொல்கிறாளே என்று அன்று மனதுக்குள் குறைப்பட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு நடக்கும்போது அவருக்கு ஒன்று புரிந்தது. இங்கே ஆட்களைத் தெரியும் என்று அவர் சொன்னது சரியில்லை. நாகையாவையும் தெரியாது, ஆலைக்காரர்களையும் தெரியாது. போய்க் கேட்டதால் தெரிந்தது, அவ்வளவுதான். பதினாறு வருஷம் மனைவியாக இருந்தவளைப் பற்றியே வெளியே போய் மூன்று பேரிடம் கேட்க வேண்டியிருந்தது. கேட்பதுதான் தொழில் என்றால் அதை ஆக்லாந்திலும் செய்யலாம். அங்கே அதற்கு யாராவது காசு கொடுப்பார்களா என்பது வேறு விஷயம். அது தெரியாமலே போக வேண்டியதுதான் என்று தோன்றியது.

பேச்சு ஒன்றேகால் பக்கம் வந்தது. லீலாவதி கடைசி வரிகளைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இது நிஜமா அண்ணே?"

"நீ படிச்சதும் நிஜமாயிடும்."

விழா ஏப்ரல் முதல் வாரத்தில் மாதா கோவில் கூடத்தில் நடந்தது. கணவர் என்பதால் ஜன்னலோரம் நிற்க விடாமல் பாலை முன்வரிசையில் வேராவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். தன் எழுத்தைக் கூடத்துக்குள் உட்கார்ந்து அவர் கேட்டதில்லை. உள்ளே சத்தம் பெரிதாக இருந்தது. கஞ்சிக் கதைக்குப் பொன்னம்மாவே உரக்கச் சிரித்தாள். சிப்பாய் கதைக்குக் கை தட்டினார்கள். நவம்பர் விஷயம் வந்தபோது வேரா லீலாவதியை முறைத்தாள். பிறகு லீலாவதி தொண்டையைச் சரிசெய்துகொண்டு கடைசி வரிகளைப் படித்தாள்:

"வேரா பதினான்காம் தேதி கிளம்புகிறார். அவர் கணவர் அடுத்த மாதம் கிளம்புகிறார். ஏற்கெனவே ஒப்புக்கொண்ட இரண்டு வழியனுப்பு உரைகள் அவருக்குப் பாக்கி இருக்கின்றன. அங்கே என்ன வேலை செய்வார் என்பது அவருக்குத் தெரியாது. இதை அவர் இன்னும் மனைவியிடம் சொல்லவில்லை."

வேரா திரும்பவில்லை. கழுத்திலிருந்த சலுசலுவில் ஒரு இலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கூடம் அவர்களைப் பார்த்தது. தேநீர் வரும்வரை காத்திருந்து, கோப்பையை வாயருகே கொண்டுபோய்க் கேட்டாள்:

"அடுத்த மாசம் எந்தத் தேதி?"

"ஒம்பது."

"டிக்கெட் எடுத்தாச்சா?"

"நாளைக்கு."

"இதுக்கு அவகிட்ட எவ்வளவு வாங்கினீங்க?"

"'மகத்தான' ஒண்ணுகூட இல்ல. பழைய விலைதான்."

"நல்லது," என்றாள் வேரா. இந்தத் தடவை அவர் குறைப்பட்டுக்கொள்ளவில்லை.

மே மாதம் எட்டாம் தேதி பல்ராம் தன் துணிக்கடையில் பாலுக்கு வழியனுப்பு வைத்தார். பேச்சை யார் எழுதுவது என்ற கேள்வி வந்தபோது, நானே எழுதறேன் என்றார். யாரிடமும் எதுவும் கேட்காமல் எழுதியிருந்தார். பதினோரு 'மகத்தான', நான்கு 'தன்னலமற்ற'. பால் ஏழைகளுக்கு இலவசமாக எழுதிக்கொடுத்தார் என்று ஒரு வரி. அப்படி அவர் யாருக்கும் கொடுத்ததில்லை. தேநீர் முடியும்வரை யாரும் எழுந்து மறுக்கவில்லை. பாலும் மறுக்கவில்லை. காகிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஆக்லாந்து விமானத்தில் அதை எடுத்து, பழக்கத்தில் பிழைகளைத் திருத்தினார். 'மகத்தான' எதையும் அடிக்கவில்லை.