கோட்டில் தெரிந்த மேடு

எல்லோரும் அவரை முள்ளறை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் வேலை செய்யும் அறையின் சுவர், கூரை, தரை எங்கும் நீலநிற நுரைக் கூம்புகள் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். செயற்கைக்கோளில் ஏறப்போகும் ஆன்டெனாவை நடுவில் சுழல்மேடையில் நிறுத்தி, எதிர்ச்சுவரிலிருந்து ரேடியோ அலையை அனுப்பி, எந்தப் பக்கம் திரும்பினால் எவ்வளவு வாங்குகிறது என்று அளப்பார். அலை எதிலாவது பட்டுத் திரும்பினால் அளவு பொய்யாகிவிடும். அதை விழுங்கத்தான் அந்த நுரை. கேபிள் முனை பொருத்தும் மேசையில் சேர்ந்தவர், பார்த்தும் கேட்டும் இந்த அறைக்கு வந்து சேர்ந்தார்.

சந்தேகம் வந்தால் எதையும் நகர்த்திப் பார்ப்பது அவர் குணம். வீட்டில் ஃபிரிட்ஜ் உறுமினால் நகர்த்துவார், கட்டில் கிறீச்சிட்டால் நகர்த்துவார். "நான் குறட்டை விட்டா என்னையும் சேர்த்து நகர்த்திடுவா" என்பார் கணவர்.

அன்று மேடையில் இருந்தது அவருடைய கொழுந்தன் தகட்டைக் கிண்ணமாக வளைத்துச் செய்த ஆன்டெனா. ஏசி குழாய்க்குத் தகடு வளைத்துக்கொண்டிருந்தவனை இங்கே சேர்த்துவிட்டதே அவர்தான். இந்தக் கிண்ணம் தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் பழையபடி ஏசி குழாய். அவன் மனைவிக்கோ பிரசவ மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது.

திரையில் அளவைக் காட்டும் கோடு நடுவில் மலையாக எழுந்து இருபுறமும் இறங்கியது. இடப்பக்கம், ஒன்றுமே இருக்கக்கூடாத இடத்தில், ஒரு மேடு.

"கிண்ணத்துல நெளிவு போலிருக்கேக்கா. திருப்பி அனுப்பிடலாமா?" என்றார் பக்கத்தில் நின்ற பொறியாளர்.

கொழுந்தன் முகம் சுண்டிப்போனது. "தடவித் தடவிப் பார்த்தேன் அண்ணி, நெளிவே இல்ல. ஆனா, எனக்காக எதையும் மறைச்சிடாதீங்க."

"மறைக்கிறதுக்கு நான் என்ன திரைச்சீலையா? போ, மேடையை ஒரு சாண் முன்னால தள்ளு."

ஆன்டெனாவில் குறை இருந்தால் அது ஆன்டெனாவோடு கூடவே வரும்; கோட்டில் மேடு அதே இடத்தில் தெரியும். அறையில் குறை இருந்தால் மேடு இடம் மாறிவிடும். அக்கா மறுபடி அளந்தார். மேடை ஆமைபோலத் திரும்பியது. கொழுந்தன் திரையைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். மலை இருந்தபடியே வந்தது. மேடு இருந்த இடத்தில் இப்போது பள்ளம். சற்றுத் தள்ளிப் புதிதாக ஒரு மேடு.

"உன் கிண்ணத்துல ஒண்ணுமில்லடா. குத்தம் அறையில."

அவன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான்.

மூவரும் டார்ச்சோடு உள்ளே போனார்கள். மேடையின் காலடியில், இரண்டு நுரைப் பாளங்கள் சேரும் இடத்தில் ஏதோ பளபளத்தது. அலுமினிய டேப். ஒரு சுருக்கம் இல்லை, அவ்வளவு நேர்த்தியாக ஒட்டியிருந்தது.

"இதை யாரு ஒட்டினது?" என்றார் பொறியாளர்.

கொழுந்தன் தலையைச் சொறிந்தான். "நாந்தான் சார். ஆன்டெனாவை மாட்ட வந்தப்போ இடுக்கு தெரிஞ்சுது. இடுக்கைப் பார்த்தா என் கை சும்மா இருக்காது."

ஏசி குழாயில் காற்றுக் கசிவதை அடைக்கிற டேப், இங்கே அலைக்கு முகம் பார்க்கும் கண்ணாடி.

"உன் வேலைக்கு நீயே உலை வைக்கப் பார்த்தியேய்யா!" பொறியாளர் வாய்விட்டுச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. மண்டியிட்டு, நுரை பிய்யாமல், நகத்தால் டேப்பை மெல்ல உரித்தார். மேடையைப் பழைய இடத்துக்கே தள்ளச் சொல்லி மீண்டும் அளந்தார். இடப்பக்கம் கோடு துடைத்துவிட்டதுபோல் தாழ்ந்து கிடந்தது. அதற்குப் பிறகுதான் அவருக்கும் சிரிப்பு வந்தது; வந்தபின் நிற்கவில்லை.

ஆன்டெனா பெட்டிக்குள் போனது. "நாளைக்கு வந்து நிரந்தர உத்தரவை வாங்கிக்க. டேப்பை மட்டும் வாசல்லயே குடுத்துட்டு வா" என்றார் பொறியாளர்.

இருவரும் வீடு திரும்பியதும் கொழுந்தன் தன் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, "குழந்தைக்கும் எங்கேயாவது ஒட்டிடாதீங்க" என்றாள்.

அக்கா அவனைச் சமையலறைக்கு அழைத்துப் புகைக்குழாயைக் காட்டினார். இணைப்பில் ஒரு விரல் நுழையும் இடுக்கு.

"இங்க ஒட்டு, ஆசை தீர ஒட்டு."

அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு ஏறினான்.